சலாம் போடாத யானைகள்

மார்ச் 3, செவ்வாய்

டயர் கம்பெனிக் காலண்டரின் செப்டம்பர் மாதத்து விமானம் இன்றோடு முடிந்தது. மேகம் கொஞ்சம் பஞ்சு மெத்தை மாதிரி வந்துவிட்டது. டயர் வாங்குகிறவர்கள் மேகத்தில் குறை கண்டுபிடிக்கப் போவதில்லை.

மத்தியானம் விமான அருங்காட்சியகத்தின் செயலாளர் போன் செய்தார். வாயாலேயே பந்தல் போடுகிற மனிதர். முதல் ஐந்து நிமிஷம் என் தூரிகையைப் புகழ்ந்தார். அப்புறம்தான் விஷயம் வந்தது. பெரிய கூடத்துச் சுவருக்கு ஒரு படம் வேண்டுமாம். பத்தடிக்கு ஆறடி. போர்க்காலத்துக் காட்டு ஓடுதளம், இரட்டை இன்ஜின் சரக்கு விமானம், அதன் முன்னால் அருங்காட்சியகத் தலைவரின் அப்பா. கடைசியில் குரலைத் தாழ்த்தி, “ரெண்டு யானையும் உண்டு மேடம்” என்றார். வீட்டில் கடிக்கிற நாய் உண்டு என்று வாடகைக்கு வருகிறவரிடம் சொல்கிற குரல்.

இருபத்தாறு வருஷமாக விமானம் வரைகிறேன். காலண்டரில், பைலட் கிளப்பின் சீட்டாட்ட அறையில், ஒரு முறை பிஸ்கட் டப்பாவின் மூடியில். பெரிய கூடத்தில் ஒன்றுகூட இல்லை. அங்கே தொங்கும் ஒன்பதும் ஆண்கள் வரைந்தவை. அதில் இரண்டு விமானங்கள் தரையை விட்டுக் கிளம்பவே முடியாது, இறக்கைகளை ஒட்டவைத்திருக்கும் லட்சணம் அப்படி. எனக்கு அந்தச் சுவர் வேண்டும். வேறு யாரிடம் சொல்வது, இங்கேதான் எழுத முடியும். ரொம்ப வேண்டும்.

ஒப்புக்கொண்டேன். யானை வரையத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. நானும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 5, வியாழன்

கமிட்டி. ஏழு பேர். இன்னும் தொடங்காத படத்துக்குள் ஏழு மூக்கும் நுழைந்தாயிற்று.

தலைவருக்கு எழுபது தாண்டியிருக்கும். கோட்டு, டை, பையில் மூன்று பேனா. அவருடைய அப்பாவை அங்கே எல்லோரும் ‘கேப்டன்’ என்றே சொல்கிறார்கள், மாடிப்படியில் இப்போது ஏறி வந்துகொண்டிருப்பவரைச் சொல்வதுபோல. கேப்டனின் கதையைச் செயலாளர்தான் சொன்னார். தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எதிரி நெருங்கிவிட்ட நேரம். காட்டுக்குள் காயம்பட்டவர்கள் பதினாறு பேர். மரங்களுக்கு நடுவே மறைத்துவைத்த ஓடுதளத்தில் கேப்டன் போய் இறங்கி அவர்களை ஏற்றிக்கொண்டு வந்தார். அங்கே மரம் இழுக்கிற யானைகள் இரண்டு. கேப்டனின் வீரத்தைக் கண்டு அதில் ஒன்று தும்பிக்கையைத் தூக்கிச் சலாம் போட்டதாம். சாட்சிக்குப் போட்டோ இருக்கிறதாம்.

போட்டோ உள்ளங்கை அளவு. இடது பக்கம் விமானம். அதன் முன்னால் இடுப்பில் கை வைத்துக் கேமராவைப் பார்க்கும் கேப்டன். வலது ஓரத்தில் இரண்டு யானைகள், ஒன்றுக்குத் தந்தம் உண்டு, அதன் தும்பிக்கை மேலே சுருண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒல்லியாக ஒரு பாகன், முகம் தெரியவில்லை. யானைகள் நிற்பது கேப்டனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அப்படியென்றால் சலாம் யாருக்கு, மரத்துக்கா? கேட்கவில்லை. சுவர் வேண்டுமே.

அதன்பின் ஆளாளுக்கு ஒரு ஆசை. ஒருவருக்கு அஸ்தமன வானம். இன்னொருவருக்கு யானை நெற்றியில் அலங்காரம். “எதிரி துரத்திட்டு வரப்போ யார் சார் அலங்காரம் பண்ணிட்டு நிப்பாங்க?” என்று கேட்டேன். “கலைக்கு ஒரு சுதந்திரம் உண்டுல்ல மேடம்” என்றார். அந்தச் சுதந்திரம் எப்போதும் பணம் கொடுக்கிறவரிடம்தான் இருக்கிறது.

ஆனால் அந்தச் சுதந்திரத்தை விமானத்தின் வாலில் இருக்கும் எண்ணிடம் காட்ட முடியாது. அதற்குக் காவல் ரிவெட் சார். ஓய்வுபெற்ற தரை இன்ஜினியர். விமானத் தகடுகளைச் சேர்க்கும் குட்டி ஆணிக்கு ரிவெட் என்று பேர். அவர் அதை எண்ணுவார். போட்டோவில் எண்ணுவார், படத்தில் எண்ணுவார், விட்டால் கனவிலும் எண்ணுவார். “வால் நம்பர் தப்பாச்சுன்னா எல்லாமே தப்பு மேடம்.”

மார்ச் 11, புதன்

விமானம் மூன்றே நாளில் கேன்வாஸில் எழுந்து நின்றுவிட்டது. யானைகள் சோபா செட் மாதிரி இருக்கின்றன. நாலு கால், இரண்டு கைப்பிடி, உட்காரலாம்.

மாலையில் கிளினிக்கிலிருந்து வந்தவர் படத்தைப் பார்த்தார். என் கணவர் பல் டாக்டர். உலகத்தில் எதைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார். “இந்தத் தந்தம் மூக்குலேர்ந்து வருதே, ஏம்மா?”

“எங்கேர்ந்து வரணும்?”

“அது வெட்டுப்பல்லும்மா. மேல்தாடையில இருந்து வரணும். இதுக்கு யாரு கட்டிவிட்டது?”

யானையை வைத்துத் தமிழில் எத்தனை சொலவடை உண்டோ அத்தனையையும் சாப்பாட்டு மேசையில் சொல்லி முடித்தார். ஒன்றையும் இங்கே எழுதப்போவதில்லை.

மார்ச் 19, வியாழன்

கால் வரவில்லையென்றால் புல் இருக்கிறது. இது எங்கள் தொழிலின் பழைய தில்லுமுல்லு. முழங்கால் வரை கோரைப்புல்லை வளர்த்தேன். புல் வராத இடத்தில் தூசியைக் கிளப்பினேன். இப்போது இரண்டும் பச்சைக் கடலில் மிதக்கின்றன.

ரிவெட் சார் ஸ்டுடியோவுக்கு வந்தார். லென்ஸ், ஸ்கேல், நோட்டு. ஒரு மணி நேரம் விமானத்தின் வயிற்றை மட்டும் பார்த்தார். கதவுக்குப் பக்கத்து வரிசையில் நான்கு ரிவெட் குறைகிறதாம். வைத்தேன்.

“யானை எப்படி சார் இருக்கு?”

திரும்பி ஒரு பார்வை. “ரெண்டு இருக்கு. சரிதான்.”

மார்ச் 28, சனி

மனசு கேட்கவில்லை. மிருகக்காட்சிசாலைக்குப் போனேன். யானைக் கொட்டடியில் ஒரு பாகன் குழாயால் கழுவிக்கொண்டிருந்தார். ஓவியங்களையும் போட்டோவின் பெரிய நகலையும் காட்டினேன். ஓவியத்தைப் பார்த்ததும் மனிதர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

“பின்னங்கால் மாட்டுக்கால்ங்க. யானைக்கு நம்ம மாதிரி முன்னாலதான் மடங்கும்.” குழாயைக் கீழே போட்டுவிட்டு, தன் முழங்காலை மடக்கிக் காட்டினார். பிறகு போட்டோவை வாங்கிப் பார்த்தார்.

“சலாம் போடுதாம்” என்றேன்.

“யாரு சொன்னா?”

“கமிட்டி.”

“சலாம் போடுற யானை இப்படியா தலையைத் தாழ்த்தும்? பின்னங்கால் எவ்வளவு தள்ளி ஊனியிருக்கு பாருங்க. மார்ல பட்டை கட்டியிருக்கு. முழு பலத்தையும் போட்டு இழுக்கிறப்போ தும்பிக்கை கால்ல மிதிபடாம சுருட்டி மேல வச்சுக்கும். இது எதையோ இழுக்குதுங்க. லேசான சாமான் இல்ல.”

எதை? மரத்தடியா? பின்னால் மரத்தடி எதுவும் இல்லையே. பின்னால் இருப்பது விமானம்.

மார்ச் 29, ஞாயிறு

விடுமுறை நாளில் இவருடைய கண்ணில் மாட்டும் லென்ஸைக் கடன் கேட்டேன். சொத்தைப் பல் பார்க்கிற லென்ஸ். தானே பார்க்கிறேன் என்று மாட்டிக்கொண்டு, போட்டோவைச் சாய்வு நாற்காலியில் நோயாளியை வைப்பதுபோல விளக்குக்குக் கீழே வைத்தார்.

“தந்தத்துல பள்ளம் இருக்கும்மா. கயிறு உரசி உரசி வந்த பள்ளம். வருஷக்கணக்கா வேலை செஞ்ச பல்லு.” போட்டோவை விளக்குக்கு இன்னும் கிட்டே நகர்த்தினார். “மார்ப்பட்டையிலேர்ந்து ஒரு கோடு போகுது. கீறல்னு நினைச்சேன். கீறல் இல்ல, சங்கிலி. நேரா சக்கரத்துக்குப் போகுது. உன் விமானத்துக்குச் சக்கரம் எங்க?”

சக்கரம் இல்லை. பாதிக்கு மேல் இல்லை. சேற்றுக்குள் இருக்கிறது. மூக்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. நான் அதைக் கேமரா கோணல் என்று நினைத்து நிமிர்த்தி வரைந்திருக்கிறேன்.

ஐம்பது வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ரிவெட் எண்ணிய ஒரு ஆளுக்கும் இது தெரியவில்லை. சக்கரத்தில் ரிவெட் கிடையாது, அதனால் இருக்கலாம். நானும்தான் பார்க்கவில்லை. என்னைத் திட்ட வேறு ஆள் தேவையில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

தலைவருக்குப் போன் செய்து, இன்னும் ஏதாவது போட்டோ உண்டா என்று மட்டும் கேட்டேன். மாலையில் அவரே வந்து நின்றார். ஸ்டுடியோவில் டர்பன்டைன் நாற்றம். உட்கார இடம் இல்லாமல் பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்தார், கோட்டோடு.

செய்தித்தாளில் சுற்றிய ஒரு கனமான நோட்டைக் கொடுத்தார். கேப்டனின் பறத்தல் பதிவேடு. ஒவ்வொரு பயணத்துக்கும் தேதி, விமான எண், இடம், ஒரு வரிக் குறிப்பு.

“வால் நம்பர் அதுல இருக்கு” என்றார். வாசலுக்குப் போனவர் திரும்பி, “நிதானமா பாருங்க. அவசரமில்ல” என்றார்.

வால் எண் போன மாதமே சரி பார்த்தாயிற்று என்று அவருக்குத் தெரியாதா என்ன.

ஏப்ரல் 3, வெள்ளி

கண்டுபிடித்தேன். அந்தத் தேதி, அந்த எண். குறிப்பு: “ஓடுதளம் தாண்டிச் சேற்றில் இறங்கியது. யானை இரண்டு. ஏழு மணி நேரம். புறப்பட்டோம், பதினாறு பேர்.”

அவ்வளவுதான் கேப்டனின் வீர சரித்திரம். ஓடுதளத்தைத் தாண்டிப் போய்ச் சேற்றில் குத்தி நின்றார். இரண்டு யானையும் ஒரு பாகனும் ஏழு மணி நேரம் இழுத்து வெளியே எடுத்தார்கள். நடுவில் யாரோ போட்டோ எடுக்க, இவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கூடத்துச் சுவர் போய்விடுமே என்ற நினைப்பு வந்ததும் நின்றது.

ஏப்ரல் 4, சனி

சலாமே வரைந்துவிட்டால் என்ன? யாருக்குத் தெரியும்? எனக்கு, பல் டாக்டருக்கு, ஒரு பாகனுக்கு. மூன்று பேர்தானே.

ஏப்ரல் 5, ஞாயிறு

மீதிப் பக்கங்களைப் புரட்டியிருக்கக் கூடாது. இல்லை, புரட்டத்தான் வேண்டும். தெரியவில்லை.

ஆறு வாரம் கழித்து ஒரு வரி. அதே கையெழுத்து, அதே மை. “பணி: வழிகாட்ட. இடம்: அதே ஓடுதளம். இலக்கு: சுமை விலங்குகள். முடிந்தது.”

மூன்று தடவை படித்தேன். பல் டாக்டரிடம் நீட்டினேன். அவரும் படித்துவிட்டு, “அந்த இடம் எதிரி கைக்குப் போயிருக்கும். அவங்க அந்த யானைங்களை வேலைக்கு வச்சிருப்பாங்க” என்றார். பிறகு மெதுவாக, “மறைச்சு வச்ச இடம். மேலேர்ந்து பார்த்தா தெரியாது. இறங்கினவனுக்குத்தான் தெரியும்” என்றார்.

யானைகள் கேப்டனைச் சேற்றிலிருந்து இழுத்துவிட்டன. கேப்டன் போய், அதுகளைக் கொல்ல வந்தவர்களுக்கு விரல் நீட்டிக் காட்டியிருக்கிறார். யாருக்கு நான் சலாம் வரையப் போனேன்? ச்சே. இன்று எழுத முடியவில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

பதிவேட்டைத் திருப்பிக் கொடுக்கத் தலைவர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டு போனேன், நறுக்குத் தெறித்த மாதிரி நாலு வாக்கியம். உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

நோட்டை மேசை மேல் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

“ரெண்டையுமா?”

“ரெண்டையும்.”

கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் முகத்தில் வந்தது வேறு. பல் பிடுங்கி முடித்தபின் என் கணவரின் நாற்காலியில் சிலர் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

“அப்பா போனப்புறம் பெட்டியில கிடைச்சுது. இருபது வருஷம். எனக்குச் சொல்ல வாய் வரல மேடம். யாராவது படிச்சுக் கேட்டா சொல்லிடலாம்னு பார்த்தேன். ரிவெட் சார்கிட்ட மூணு தடவை குடுத்தேன். நம்பரை எழுதிக்கிட்டு, நன்றின்னு திருப்பிக் குடுத்துட்டார். ஒரு பத்திரிகைக்காரர் அட்டையை மட்டும் போட்டோ எடுத்தார். செயலாளர் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சார், முதல் பக்கத்தைத் திறந்து.”

எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவரே சிரித்துவிட்டார், கொஞ்சமாக.

“அந்தச் சலாம் கதையை யார் சார் கட்டினது?”

“நான்தான். சின்ன வயசுல. ஸ்கூல்ல. போட்டோவைப் பார்த்துட்டு, ‘யானை உங்கப்பாவை என்ன பண்ணுச்சு’ன்னு பசங்க கேட்டாங்க. அப்பா எதுவும் சொல்ல மாட்டார். நானா ஒண்ணு சொன்னேன். அது வளர்ந்துடுச்சு.”

இந்த மனிதரையும் இவர் கமிட்டியையும் ஒன்றரை மாதமாக நான் இந்த நோட்டில் எப்படியெல்லாம் வறுத்தெடுத்திருக்கிறேன். எழுதியதை அடித்துவிடப்போவதில்லை, இருக்கட்டும், நானும்தான் தெரியாமல் எழுதினேன்.

எழுந்திருக்கும்போது கேட்டார்: “அப்பாவை எங்க வைக்கப் போறீங்க?”

“போட்டோல நிக்கிற இடத்துலயே.”

“கை இடுப்புலயா?”

“இடுப்புலதான்.”

“சரி” என்றார்.

ஏப்ரல் 20, திங்கள்

புல்லையெல்லாம் சுரண்டி எடுத்தேன். கேன்வாஸை முதலிலிருந்து.

மே 17, ஞாயிறு

மிருகக்காட்சிசாலைக்கு ஒன்பதாவது தடவை. பாகன் எனக்காக யானையை ஒரு பழைய லாரியின் சக்கரத்தை இழுக்கவைத்துக் காட்டினார். மேலதிகாரி பார்த்தால் அவருக்கு வேலை போகும். எனக்காக இல்லையாம், அந்தப் போட்டோவில் இருக்கிற யானைக்காகவாம்.

தோலில் சேறு காய்ந்து வெடிக்கும் விதம், மார்ப்பட்டைக்குக் கீழே ரோமம் தேய்ந்த இடம், கண்ணுக்குக் கீழே நனைந்த கோடு. விமானத்தை விட யானைக்கு அதிக ரிவெட் இருக்கிறது. ரிவெட் சாரிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 12, வெள்ளி

முடிந்தது.

படம் முழுக்க சேறு. விமானம் மூக்கைத் தொங்கப் போட்டிருக்கிறது. யானைகள் இரண்டும் முன்னால், பெரிதாக, தலையைத் தாழ்த்தி. பாகன் தந்தமுள்ளதன் தோளில் தன் தோளை வைத்துத் தள்ளுகிறான், அவன் தள்ளி என்ன ஆகப்போகிறது, இருந்தாலும். பின்னால் சின்னதாகக் கேப்டன், கை இடுப்பில். நம்மைப் பார்க்கிறார். அவர் ஒருவர்தான் நம்மைப் பார்க்கிறார்.

இவர் கிளினிக்கை அரை மணி நேரம் தாமதமாகத் திறந்தார். நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாராம். தந்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இதற்கு மேல் எனக்கு விருது எதற்கு.

ஜூன் 29, திங்கள்

கமிட்டி. படத்தைத் திறந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கனைத்துக்கொண்டார்கள்.

செயலாளர்: “அருமை மேடம். அருமை. ஆனா விமானம் கொஞ்சம் சோகமா இருக்கு.”

தலைவர் எழுந்து, படத்துக்குக் கீழே மாட்டவேண்டிய பித்தளைப் பலகையைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்தார். தன் கையாலேயே எழுதிக் கொடுத்துச் செய்துகொண்டு வந்திருக்கிறார். பதிவேட்டின் இரண்டு வரியும் அதில், ஒன்றின் கீழ் ஒன்று. வேறு விளக்கம் எதுவும் இல்லை. உரக்கப் படித்தார். இரண்டாவது வரியிலும் நிறுத்தவில்லை.

அதன்பின் நடந்த பூசி மெழுகலுக்கு நான் உபயோகிக்கிற பிரஷ்ஷெல்லாம் பத்தாது. போர் என்றால் அப்படித்தான். மேலிடத்து உத்தரவு. பள்ளிப் பிள்ளைகள் வருகிற இடம். விருந்தினர் என்ன நினைப்பார்கள். முதல் வரி கூடப் பரவாயில்லை, அதில் ஒரு பணிவு இருக்கிறது, இரண்டாவதை மட்டும் எடுத்துவிட்டால்... “யானைதானே சார்” என்றார் அலங்காரம் கேட்டவர்.

ரிவெட் சார் மட்டும் பதிவேட்டை வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது. “மூணு தடவை என் கையில இருந்தது” என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு நிமிர்ந்து, “பதிவு பதிவுதான். ஒரு வரியை எடுத்தா மிச்ச வரி எல்லாம் பொய்” என்றார்.

எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

ஓட்டெடுப்பு. பலகைக்கு எதிராக ஐந்து, ஆதரவாக இரண்டு. பலகை இல்லாமல் படத்தைக் கூடத்தில் மாட்ட எல்லோருக்கும் சம்மதமாம். என்னைப் பார்த்தார்கள். என் பேர் பெரிய எழுத்தில் வரும் என்று செயலாளர் சொன்னார். பத்தாவது படம். இருபத்தாறு வருஷம்.

ஆம் என்று சொல்ல வாய் திறந்தேன். அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டும் அந்தக் கண்ணாடிப் பெட்டி மாதிரிதான். திறந்தேன். வந்தது: “பலகை இல்லாட்டி படத்தை வீட்டுக்கே எடுத்துட்டுப் போறேன்.”

ஜூலை 3, வெள்ளி

தலைவர் ராஜினாமா. படத்துக்கும் ஒரு தீர்வு கண்டுபிடித்திருக்கிறார்கள். காசு கொடுத்தாயிற்று, கிழிக்கவும் முடியாது, கூடத்தில் மாட்டவும் முடியாது. பின்பக்கத்துப் பணிமனையின் கேன்டீன் சுவருக்குப் போகிறதாம், பலகையோடு. பார்வையாளர்கள் அங்கே வரமாட்டார்கள். செயலாளர் போனில், “நிறைய பேர் சாப்பிடுற இடம் மேடம். தினமும் பார்ப்பாங்க” என்றார்.

பெரிய கூடத்துச் சுவருக்கு அஸ்தமன வானம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் அச்சடித்து ஒட்டப்போகிறார்கள். விமானம் பறக்கிறது. எங்கே என்று தெரியவில்லை, விமானத்துக்கும் தெரிந்திருக்காது.

அழுதேன். ஐந்து நிமிஷம். பிறகு டயர் கம்பெனிக்கு அக்டோபர் மாத மேகம் போட்டேன்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

இத்தனை நாளாகப் போகவே மனசில்லை. இன்று போனேன்.

கை கழுவும் தொட்டிக்கும் சிலிண்டர் அறைக்கும் நடுவில் மாட்டியிருக்கிறார்கள். கீழ் ஓரத்தில் சூப் தெறித்த இரண்டு சொட்டு. சேற்றோடு சேர்ந்துபோயிருக்கிறது, துடைக்கவில்லை. பணிமனை மெக்கானிக்குகள் நாலைந்து பேர் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். படத்துக்கு நேர் கீழே உள்ள மேசையில் முன்னாள் தலைவர். கோட்டு இல்லை. தினமும் மதியம் அங்கேதான் சாப்பிடுகிறாராம். நானும் ஒரு தட்டு ரொட்டி வாங்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன்.

மேசை துடைக்கிற அம்மா துணியோடு வந்து நின்றார். “தினம் இதுக்கடியிலயே உக்காருறீங்களே சார். யாரு இது, இடுப்புல கை வச்சுக்கிட்டு?”

“எங்கப்பா.”

“யானை என்ன பண்ணுது?”

“அவரோட விமானம் சேத்துல மாட்டிக்கிச்சு. இழுத்து வெளிய விடுதுங்க. ஏழு மணி நேரம்.”

“அடேங்கப்பா. அப்புறம்?”

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. “ஆறு வாரம் கழிச்சு நம்ம ஆளுங்களே மேலேர்ந்து சுட்டுக் கொன்னுட்டாங்க. எதிரிக்கு வேலை செய்யக் கூடாதுன்னு. இடம் காட்டினது எங்கப்பா.”

அந்த அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேப்டனை இல்லை.

“அதுங்க பேரு என்ன சார்?”

“எழுதி வைக்கலம்மா.”

“பேரு இல்லாமயா இருந்திருக்கும்? பாகன் தினம் கூப்பிட்டிருப்பானே. யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.”

தலைவர் தலையாட்டினார். நான் என் தட்டைப் பார்த்தேன். மூன்று மாதம் அந்த இரண்டின் தோலில் சுருக்கம் சுருக்கமாக உட்கார்ந்து வரைந்தேன், ஊரையெல்லாம் குருடு என்று எழுதினேன். நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கவும் ஆள் இல்லை.

அந்த அம்மா அவருடைய காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த மேசையைத் துடைக்கப் போனார்.